மயில் துத்தமும் வேப்பெண்ணெயும்

வீட்டு முற்றத்தில் ஒரு ரோஜாச் செடியையேனும் வளர்த்துப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை நம் நாட்டில் பலருக்கும் உண்டு. தில்லியில் பரந்த புல்வெளியுடன் கூடிய மாளிகையில் வாழ்பவரும் அதை வளர்க்கிறார். மும்பையில் மூன்றாவது மாடியில் ஒற்றைத் தொட்டிக்கு மட்டுமே இடமுள்ளவரும் அதை வளர்க்கிறார். செடி தழைத்து, முதல் மொட்டு விரியும் நாளில் அவ்வில்லத்தில் உண்டாகும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் மழைக்காலம் தொடங்கிச் சில வாரங்கள் சென்றதும், இலைகளின் மேற்புறத்தில் ஓரம் சிதைந்த கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. புள்ளியைச் சுற்றி இலை மஞ்சளாகிறது, பின்னர் உதிர்கிறது. சில நாட்களில் செடி வெறுங்குச்சியாக நிற்கிறது.

அப்பொழுது அண்டை வீட்டார் இருவர் ஆலோசனை கூற வருகின்றனர். ஒருவர், "கடையில் நல்ல மருந்து விற்கிறது, நீரில் கலந்து தெளியுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். மற்றவர், "அந்த இரசாயனங்களைக் கையாலும் தொடாதீர்கள்; குழந்தைகள் விளையாடும் இடம் இது. வேப்பெண்ணெயே போதும்" என்கிறார். வீட்டுக்காரர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

நேயர்களே, இந்த வழக்கு நேற்றுத் தோன்றியதன்று. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக நடந்து வருவது. இதன் வரலாற்றை அறிந்தால், இன்று நம் தோட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் ஓரளவு விடை கிடைக்கும்.

முதலில் பகைவனை அறிந்துகொள்வோம். ரோஜாவைத் தாக்கும் பூஞ்சாண நோய்களுள் முக்கியமானவை கரும்புள்ளி நோய், சாம்பல் நோய், துரு நோய் ஆகியவை. நம் நாட்டில் இவற்றோடு நுனிக்கருகல் நோயையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். கவாத்துச் செய்த கிளையின் வெட்டு வாயிலிருந்து தொடங்கிக் கிளை கீழ்நோக்கிக் கருகி வருவதே அந்நோய். இவை யாவும் பூஞ்சாணத்தால் வருவனவே எனினும், இவற்றின் இயல்பு ஒன்றல்ல. கரும்புள்ளிப் பூஞ்சாணத்தின் வித்துக்கள் முளைப்பதற்கு இலை பல மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். மழைத்துளி தெறிப்பதால் அவை இலைக்கு இலை தாவுகின்றன. சாம்பல் நோயோ இதற்கு நேர்மாறானது. அதற்கு இரவில் ஈரப்பதம் மிகுந்த காற்றும், பகலில் உலர்ந்த வானிலையும் போதும். இலை மீது நீர் தேங்கி நின்றால் அதன் வித்துக்கள் கெடுகின்றன. ஆகவே ஒரு நோய்க்குச் சொன்ன மருத்துவம் மற்றொரு நோய்க்குப் பொருந்தாமற் போவதில் வியப்பில்லை.

இவ்வுண்மைகளை மனிதன் அறிந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. பண்டைய உரோமானியர் பயிரில் துரு நோய் விழுவதைத் தெய்வத்தின் சினம் எனக் கருதினர். ஆண்டுதோறும் ஏப்ரல் 25ஆம் நாளில் ரொபிகஸ் என்னும் தெய்வத்துக்கு நாயைப் பலியிட்டு, விளைச்சலைக் காக்குமாறு வேண்டினர். கந்தகத்தின் தூய்மை செய்யும் ஆற்றலை மட்டும் முன்னோர் அறிந்திருந்தனர். போர் முடிந்தபின் ஒடிசியஸ் தன் அரண்மனையைக் கந்தகப் புகையிட்டுத் தூய்மை செய்தான் எனக் கிரேக்கக் காவியம் கூறுகின்றது.

1807ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் மொந்தோபான் நகரில் வாழ்ந்த பெனடிக்ட் பிரெவோ என்னும் அறிஞர், கோதுமையைத் தாக்கும் கரிப்பூட்டை நோய்க்கு ஒரு நுண்ணிய பூஞ்சாணமே காரணம் என்று நிறுவினார். அதைவிட வியப்பானது, மயில் துத்தம் மிகச் சிறிய அளவில் கலந்த நீரில் அந்தப் பூஞ்சாணத்தின் வித்துக்கள் முளைப்பதில்லை என்பதையும் அவர் கண்டார். நோயின் காரணமும் அதன் மருந்தும் ஒரே நூலில் வெளியாயின. ஆயினும் அக்கால அறிஞர் உலகம் அதை ஏற்கவில்லை. நோயுற்ற செடியில் பூஞ்சாணம் தானாக உண்டாகிறது, அது நோயின் விளைவே அன்றிக் காரணமன்று என்பதே அந்நாளைய நம்பிக்கை.

அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருக்க, தோட்டக்காரர்கள் தம் வழியில் மருந்து தேடினர். 1821ஆம் ஆண்டில் அயர்லாந்தைச் சேர்ந்த ஜான் இராபர்ட்சன், பீச் மரத்தின் சாம்பல் நோய்க்குக் கந்தகமும் சவர்க்காரமும் கலந்த நீரே உரிய மருந்து என இலண்டன் தோட்டக்கலைச் சங்கத்தாருக்கு எடுத்துரைத்தார். 1845ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மார்கேட் ஊரில் எட்வர்டு டக்கர் என்னும் தோட்டக்காரர், தம் பொறுப்பிலிருந்த திராட்சைக் கொடியில் வெண்சாம்பல் படர்ந்திருப்பதைக் கண்டு, கந்தகமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்தார். அந்தப் பூஞ்சாணத்துக்கு 1847ஆம் ஆண்டில் பெர்க்லி என்னும் பாதிரியார் அத்தோட்டக்காரரின் பெயரையே சூட்டினார். சில ஆண்டுகளில் அந்நோய் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழிக்கலாயிற்று. அதைத் தடுத்து நிறுத்தியதும் கந்தகத் தூளே. ரோஜாவின் சாம்பல் நோயும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததாகையால், திராட்சைத் தோட்டத்திலிருந்து கந்தகம் ரோஜாத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

அதே 1845ஆம் ஆண்டில்தான் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களில் கருகல் நோய் விழுந்தது. கிழங்கையே உணவாகக் கொண்டிருந்த ஏழை மக்களில் ஏறக்குறைய 10 இலட்சம் பேர் பஞ்சத்தாலும் அதனோடு வந்த நோய்களாலும் மாண்டனர். மேலும் 10 இலட்சம் பேர் கப்பலேறி நாட்டை விட்டு வெளியேறினர். அக்கொடுமைக்குக் காரணமான நுண்ணுயிரை ஐயத்துக்கிடமின்றி ஜெர்மானிய அறிஞர் ஆன்டன் டி பாரி நிறுவியது 1861ஆம் ஆண்டில். பூஞ்சாணக் கொல்லி என்றவுடன் நாம் முகம் சுளிக்கிறோமே, அதன் பிறப்புக்குப் பின்னே இத்தகைய பஞ்சத்தின் நினைவும் உண்டு என்பதை மறத்தலாகாது.

இனி, இவ்வரலாற்றின் புகழ்பெற்ற நிகழ்ச்சிக்கு வருவோம். 1878ஆம் ஆண்டு முதல் அடிச்சாம்பல் நோய் என்னும் புதிய நோய் அமெரிக்காவிலிருந்து பிரான்சின் திராட்சைத் தோட்டங்களுக்குள் புகுந்திருந்தது. 1882ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், போர்டோ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே, செயின்ட் ஜூலியன் பகுதியின் திராட்சைத் தோட்டங்களினூடே நடந்து சென்றார். நோயால் கொடிகள் யாவும் இலையுதிர்ந்து கிடந்தன. ஆனால் பாதையோரத்துக் கொடிகள் மட்டும் பசுமையாக நின்றன. அவற்றின் இலைகள் மீது நீலம் பூத்த வெண்பூச்சு ஒன்று காணப்பட்டது. விசாரித்தபோது, வழிப்போக்கர் பழங்களைப் பறித்துத் தின்னாதிருக்க, அவை நஞ்சு எனத் தோன்றும்படி மயில் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்திருப்பதாகத் தோட்டத்தார் கூறினர். திருடரை அச்சுறுத்தத் தெளித்தது நோயை விரட்டிவிட்டது! இரசாயனப் பேராசிரியர் கேயோனுடன் சேர்ந்து சோதனைகள் நடத்தி, 1885ஆம் ஆண்டில் மில்லார்தே தம் முடிவுகளை வெளியிட்டார். அதுவே போர்டோ கலவை. இன்றும் உலகெங்கும் வழங்கி வரும் மருந்து அது.

நம் வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற ஒரு சதவீதக் கலவை செய்வது எளிது. 10 கிராம் மயில் துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 10 கிராம் சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது. துலக்கிய கத்தி ஒன்றைக் கலவையில் சிறிது நேரம் வைத்து எடுத்தால், அதில் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்; இல்லையேல் இலை கருகும். கலந்த நாளிலேயே பயன்படுத்திவிட வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. போர்டோ கலவை இயற்கை மருந்தா, இரசாயன மருந்தா? துத்தம் ஓர் இரசாயன உப்பு என்பதில் ஐயமில்லை. எனினும் இயற்கை வேளாண்மையின் சட்டதிட்டங்கள் பல நாடுகளில் செம்பையும் கந்தகத்தையும் அனுமதிக்கின்றன. அதே வேளையில், செம்பு மண்ணில் மக்கிப் போவதில்லை. ஆண்டுதோறும் தெளித்தால் ஆண்டுதோறும் சேர்கிறது. பழைய திராட்சைத் தோட்டங்களின் மண்ணில் அது மிகுந்து, மண்புழு முதலிய உயிர்களுக்குத் தீங்காக முடிந்தது. ஆகவேதான் ஐரோப்பிய ஒன்றியம் ஓர் ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோவுக்கு மேல் செம்பு இடலாகாது என 2019ஆம் ஆண்டு முதல் வரையறுத்துள்ளது. இயற்கை என்ற பெயரைக் கேட்டவுடன் அஞ்சாதிருப்பதும், இரசாயனம் என்ற பெயரைக் கேட்டவுடன் அஞ்சுவதும் இரண்டும் பொருந்தா என்பதற்கு இது தக்க சான்று.

ரோஜாவின் சொந்தக் கதைக்கு இனி வருவோம். கரும்புள்ளி நோய் 1815ஆம் ஆண்டில் சுவீடனில் பதிவாயிற்று. 1827ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் லிபெர்ட் அம்மையார் அதன் பூஞ்சாணத்துக்குப் பெயரிட்டார். 1912ஆம் ஆண்டில் அமெரிக்காவின் உல்ஃப், உதிர்ந்து கிடக்கும் பழைய இலைகளில் அது வேறொரு வடிவில் தங்கிக் குளிர்காலத்தைக் கடந்துவிடுகிறது என்று காட்டினார். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள் என்று தோட்டக்கலையார் இடைவிடாது கூறுவதன் காரணம் இதுவே.

ஆனால் இந்நோய் தோட்டத்தின் பெரும்பகையாக வளர்ந்ததற்கு மனிதனின் ஆசையும் ஒரு காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியத் தோட்டங்களில் வெண்மையும் செம்மையும் இளஞ்சிவப்புமாகிய ரோஜாக்கள் நிறைந்திருந்தன. அடர்ந்த பொன்மஞ்சள் மட்டும் இல்லை. அந்த நிறம் பாரசீகத்திலிருந்து வந்த மஞ்சள் ரோஜா ஒன்றில் இருந்தது. பிரான்சின் லியோன் நகரத்து பெர்னே துஷே பல ஆண்டுகள் முயன்று அதனைக் கலப்புச் செய்து, 1900ஆம் ஆண்டில் சோலேல் தோர், அதாவது பொற்கதிரவன், என்னும் வகையை வெளியிட்டார். உலகமே அதைக் கொண்டாடியது. இன்று நம் தோட்டங்களில் உள்ள மஞ்சள், செம்மஞ்சள், தீக்கொழுந்து நிற ரோஜாக்கள் பலவும் அதன் வழி வந்தவை. ஆனால் பாரசீக ரோஜா கரும்புள்ளி நோய்க்கு எளிதில் இரையாவது. நிறத்தோடு அக்குறையும் குலத்தில் கலந்தது. அழகைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதனுடன் வந்த பிணியைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆயினும் இரண்டும் ஒரே விதையில் வந்தன.

இதனினும் விந்தையான நிகழ்ச்சி இங்கிலாந்தில் நேர்ந்தது. ஆலைகள் நிறைந்த நகரங்களில் வளர்ந்த ரோஜாச் செடிகளுக்குக் கரும்புள்ளி நோய் அரிதாகவே வந்தது. கிராமத்துச் செடிகளே அதனால் வாடின. காரணம் நகரத்தின் கரிப்புகை! நிலக்கரியை எரிப்பதால் எழுந்த கந்தக வாயு, பூஞ்சாணத்தை நாள்தோறும் ஒடுக்கி வந்தது. 1952ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டனைச் சூழ்ந்த நச்சுமூடுபனி ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டதன் பின், 1956ஆம் ஆண்டில் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. காற்று தூய்மையாகத் தூய்மையாக, கரும்புள்ளி நோய் நகரங்களுக்குள்ளும் நுழைந்தது. காற்றிலுள்ள கந்தக வாயுவுக்கும் இந்நோயின் பரவலுக்கும் உள்ள தொடர்பை 1966ஆம் ஆண்டில் சாண்டர்ஸ் என்னும் ஆய்வாளர் எடுத்துக் காட்டினார். மனிதரின் நுரையீரலைக் கெடுத்த புகையே ரோஜாவின் இலையைக் காத்து வந்தது. எனவே, செடியின் நலம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு மருந்தை மதிப்பிடலாகாது; அதைச் சுவாசிக்கும் மனிதரையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பூஞ்சாணவியல் துறையைத் தோற்றுவித்தவர் பட்லர். அவர் 1918ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், இந்தியப் பயிர்களின் பூஞ்சாண நோய்களைப் பற்றிய முதற்பெரும் நூலாக விளங்கியது. அதே நிலையத்தில் 1905ஆம் ஆண்டு முதல் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டு வேறு பாதையில் சிந்தித்தார். அவரும் பூஞ்சாணவியல் கற்றவரே. ஆனால், தாமே வளர்த்துப் பாராத பயிர்களுக்குத் தாம் மருந்து கூறி வந்ததை எண்ணி அவர் மனம் அமைதியுறவில்லை. நோய் என்பது செடியின் வளர்ப்பில் நேர்ந்த பிழையைச் சுட்டும் அறிகுறி என அவர் கருதினார். நம் உழவர்கள் மருந்தின்றியே பயிரை நலமாக வளர்ப்பதைக் கண்டு, அவர்களைத் தம் ஆசிரியர்களாகக் கொண்டார். 1924ஆம் ஆண்டில் இந்தூரில் நிறுவப்பட்ட ஆராய்ச்சி நிலையத்தில் அவர் வகுத்த கம்போஸ்டு எருமுறை, இந்தூர் முறை என்ற பெயரால் உலகெங்கும் பரவியது. அவர் 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், பின்னாளில் தோன்றிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு அடிப்படையாயிற்று.

ஹோவர்டின் கொள்கையில் பேருண்மை உண்டு. ஆனால் முழு உண்மையும் அதில் அடங்கிவிடவில்லை. நல்ல எருவிட்டு வளர்த்த செடி, இழந்த இலைகளை விரைவில் மீண்டும் தளிர்க்கும் என்பது மெய். தழைச்சத்தை அளவுக்கு மீறி இட்டால் இளந்தளிர் மென்மையாகிச் சாம்பல் நோய்க்கு விருந்தாகும் என்பதும் மெய். ஆயினும், எவ்வளவு செழித்த செடியாயினும், நோய்க்கு இடந்தரும் வகையைச் சேர்ந்ததாக இருந்து, இலையும் நாள் முழுதும் நனைந்திருந்தால், கரும்புள்ளி நோய் வந்தே தீரும். மண்வளம் ஓர் அரண். அது ஒன்றே கோட்டையாகிவிடாது.

மறுபுறத்தில், இரசாயனத் தொழில் விரைந்து வளர்ந்தது. 1934ஆம் ஆண்டில் தைரம் முதலிய கந்தகச் சேர்மங்களுக்குக் காப்புரிமை பெறப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் காப்டானும், 1962ஆம் ஆண்டில் மாங்கோசெப்பும் வந்தன. 1968ஆம் ஆண்டில் வந்த பெனோமில், செடியின் உடலுக்குள்ளேயே ஊடுருவிச் சென்று நோயைத் தடுத்தது. மழை அதைக் கழுவிவிட இயலாது. பூஞ்சாண நோய்களின் காலம் முடிந்தது என்றே பலர் எண்ணினர்.

ஆனால் ஓரிரு ஆண்டுகளுக்குள்ளேயே பெனோமிலுக்கு அடங்காத சாம்பல் நோய் தோன்றியது. காரணம் எளிது. துத்தமும் கந்தகமும் பூஞ்சாணத்தின் உயிர்நிலைகள் பலவற்றை ஒருங்கே தாக்குகின்றன. புது மருந்தோ ஒரேயோர் இடத்தில் மட்டும் தாக்குகிறது. ஒரு பூட்டை மட்டும் மாற்றிக்கொண்டால், பூஞ்சாணம் தப்பிவிடுகிறது. பத்துப் பூட்டுகளை ஒரே நேரத்தில் மாற்றுவது அதற்கு எளிதன்று. எனவேதான் பழைய மருந்துகள் நூறாண்டு கடந்தும் பயன்பட, புதிய மருந்துகள் சில ஆண்டுகளில் கூர் மழுங்குகின்றன. 1996ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஸ்ட்ரோபிலூரின் வகை மருந்துகளுக்கும், இரண்டே ஆண்டுகளில் ஜெர்மனியின் கோதுமை வயல்களில் இதே கதி நேர்ந்தது. அந்த மருந்தின் மூலமோ, காட்டில் பைன் மரக் காய்களின் மீது முளைக்கும் சிறு காளான் ஒன்று! காளானிடமிருந்தே கற்று, ஆலையில் செய்து, காளான் இனத்தை அழிக்கும் மருந்தை இயற்கை என்பதா, செயற்கை என்பதா?

மனிதருக்கு உண்டாகும் தீங்கும் மெல்ல மெல்ல வெளிப்பட்டது. பெனோமிலை அதனைத் தயாரித்த நிறுவனமே 2001ஆம் ஆண்டில் கைவிட்டது. நம் அரசு 2018ஆம் ஆண்டில் பெனோமில், பெனரிமால், டிரைடெமார்ப் முதலியவற்றைத் தடை செய்தது. மாங்கோசெப்புக்கு அளித்திருந்த அனுமதியைப் புதுப்பிப்பதில்லை என ஐரோப்பிய ஒன்றியம் 2020ஆம் ஆண்டில் முடிவு செய்தது. நேற்று வரை பாதுகாப்பானது எனக் கடையில் விற்ற ஒன்று, இன்று விலக்கப்பட்டதாகிறது. மருந்து தெளிப்பவர் பெரும்பாலும் கையுறையோ முகமூடியோ இல்லாத தோட்டத் தொழிலாளி என்பதை நினைக்கும்போது, இரண்டாம் அண்டை வீட்டாரின் அச்சம் வீண் அச்சமன்று என உணர்கிறோம்.

அப்படியாயின் வேப்பெண்ணெய்? இதற்கும் ஒரு வரலாறு உண்டு. அது நீதிமன்ற வாசல் வரை சென்ற வரலாறு. வேப்பெண்ணெயைக் கொண்டு செடிகளின் பூஞ்சாணத்தை அடக்கும் முறை ஒன்றுக்கு, அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் என்னும் நிறுவனமும் 1994ஆம் ஆண்டில் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. நம் முற்றத்து மரத்தின் குணம் பிறரது உடைமையா என்ற கேள்வி எழுந்தது. வந்தனா சிவா, ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த மக்தா ஆல்வோ, உலக இயற்கை வேளாண்மைக் கூட்டமைப்பு ஆகியோர் 1995ஆம் ஆண்டில் எதிர்வழக்குத் தொடுத்தனர். 1985, 1986ஆம் ஆண்டுகளிலேயே மகாராஷ்டிரத்தில் வேம்புச் சாற்றைக் கொண்டு வயல்களில் சோதனை நடந்திருந்தது என இந்தியத் தொழில்முறையாளர் ஒருவர் சான்று அளித்தார். 2000ஆம் ஆண்டு மே மாதம் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் தள்ளுபடியாயிற்று. ரோஜாத் தொட்டிக்கு வேப்பெண்ணெய் கரைப்பவர் இவ்வெற்றியையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் வழக்கில் வென்றதனால் வேப்பெண்ணெய் எல்லா நோயையும் வென்றுவிடாது. சாம்பல் நோயை அது ஓரளவு நன்றாகவே அடக்கும். கரும்புள்ளி நோய் முற்றிய செடியை மீட்பது அதற்கு அரிது. உச்சி வெயிலில் தெளித்தால் இலையைப் பொசுக்கும். கந்தகம் தெளித்த இரு வாரங்களுக்குள் எந்த எண்ணெயையும் தெளித்தல் கூடாது. கந்தகத்தையும் வெப்பம் 32 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட நாட்களில் தவிர்க்க வேண்டும்.

சமையலறைப் பொருள்களும் ஆராய்ச்சிக்கு உட்பட்டுள்ளன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சமையல் சோடாவையும் தோட்டக்கலை எண்ணெயையும் நீரில் கலந்து ரோஜாவுக்குத் தெளித்தபோது, சாம்பல் நோயும் கரும்புள்ளி நோயும் குறைந்ததாகக் கண்டனர். சோடாவின் அளவு லிட்டருக்கு ஏறக்குறைய 5 கிராம். மிகுந்தால் இலைக்கும் மண்ணுக்கும் கேடு. 1999ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு பெட்டியோல், நீர் கலந்த பசும்பாலை வாரந்தோறும் தெளித்துச் சுக்கினிச் செடியின் சாம்பல் நோயைக் கட்டுப்படுத்திக் காட்டினார். பாட்டி வைத்தியம் என நகைப்பதற்கு முன், சோதனை செய்து பார்ப்பதே அறிவுடைமை என்பதை இவ்வாய்வுகள் கற்பிக்கின்றன.

இவ்விரு கட்சியாருக்கும் அப்பால் மூன்றாம் வழி ஒன்றும் உண்டு. நோயைத் தாங்கும் செடியையே உருவாக்குதல். நம் நாட்டில் இதை நன்கறிந்தவர் டாக்டர் பி. பி. பால். துரு நோய் மூன்றையும் எதிர்க்கும் கோதுமை வகையை 1950களில் உருவாக்கிய அவ்விஞ்ஞானி, ஓய்வு நேரங்களில் ரோஜாக்களைக் கலப்புச் செய்து பல புதிய வகைகளை அளித்தார். 1965ஆம் ஆண்டில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநரானார். இந்திய ரோஜாவைப் பற்றிய அவரது நூல் 1966ஆம் ஆண்டில் வெளிவந்தது. நம் தட்பவெப்பத்துக்கு நம் மண்ணிலேயே தேர்ந்தெடுத்த வகைகள் வேண்டும் என்பதை அவர் தம் பணியால் உணர்த்தினார். ஜெர்மனியில் புதிய ரோஜாக்களைச் சோதிக்கும் அமைப்பு, 1997ஆம் ஆண்டு முதல் தன் சோதனைத் தோட்டங்களில் மருந்தே தெளிப்பதில்லை. மருந்தின்றி நலமாக நிற்கும் செடிக்கே அதன் முத்திரை கிடைக்கிறது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த நாக் அவுட் என்னும் வகை, கரும்புள்ளி நோயைத் தாங்கும் ஆற்றலாலேயே புகழ் பெற்றது. ஆயினும் இந்தப் பூஞ்சாணத்திலும் பல பிரிவுகள் உண்டு. ஒரு பிரிவைத் தாங்கும் செடி மற்றொன்றுக்குத் தோற்கலாம். எந்த வெற்றியும் இங்கே நிரந்தரமன்று.

நேயர்களே, நம் வீட்டுக்காரரைத் தோட்டத்திலேயே நிற்க வைத்துவிட்டு நெடுந்தூரம் வந்துவிட்டோம். அவரிடம் திரும்புவோம். அவர் முதலில் செய்ய வேண்டியது எந்தப் புட்டியையும் திறப்பதன்று. செடிகளுக்கிடையே காற்றும் வெயிலும் புக இடைவெளி விடட்டும். காலையில் வேரடியில் நீர் ஊற்றட்டும். மாலையில் இலைகளை நனைக்காதிருக்கட்டும். புள்ளி விழுந்த இலையையும் உதிர்ந்த சருகையும் பொறுக்கி அகற்றட்டும். கவாத்துச் செய்த வெட்டு வாயில் போர்டோப் பசை தடவட்டும். 1942ஆம் ஆண்டில் குமாவோன் மலையில் உருவான சௌபாட்டியாப் பசையும் இதற்குப் பெயர் பெற்றதே; ஆனால் அதில் ஈயச் செந்தூரம் சேர்வதால், குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் தவிர்ப்பது நன்று.

இவ்வளவும் செய்த பின்னும் நோய் வருமாயின், அது எந்த நோய் என்பதை முதலில் அறியட்டும். வெண்சாம்பலானால் வேப்பெண்ணெயோ, சோடாவோ, குளிர்ந்த நாட்களில் கந்தகமோ போதும். கரும்புள்ளியானால், மழைக்கு முன்பே செம்பு மருந்தை அளவோடு தெளிக்கலாம். எந்தப் பூச்சும் புள்ளி விழுந்த இலையைக் குணப்படுத்தாது, விழாத இலையைக் காக்கவே உதவும் என்பதை மனத்தில் கொள்ளட்டும். கடையில் வாங்கும் மருந்தே தேவை என முடிவு செய்தால், புட்டியின் மேலுள்ள குறிப்பை முழுதும் படித்து, கையுறையும் முகமூடியும் அணிந்து, ஒரே மருந்தைத் தொடர்ந்து தெளிக்காமல் மாற்றி மாற்றித் தெளிக்கட்டும். தெளிப்பவர் கூலியாள் ஆனால், அவருக்கும் அதே கையுறையைத் தரட்டும்.

அந்த அண்டை வீட்டார் இருவரும் ஓரளவு உண்மையே பேசினர். ஒருவர் பஞ்சத்தைக் கண்டு பிறந்த அறிவின் பக்கம் நின்றார். மற்றவர் அவ்வறிவின் விலையைக் கண்டு பிறந்த எச்சரிக்கையின் பக்கம் நின்றார். ஆனால் இருவருமே இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. என்ன நோய், எப்பொழுது வந்தது, செடி எங்கே நிற்கிறது என்று கேட்கவுமில்லை. இவ்விருநூறு ஆண்டு வரலாற்றில் புகழ் பெற்றோர் எல்லாரும் முதலில் செய்தது அதுவே. மில்லார்தே பாதையோரத்துக் கொடியின் முன் நின்று பார்த்தார். ஹோவர்டு உழவரின் வயலில் நின்று பார்த்தார். நாளைக் காலையில் நம் ரோஜாச் செடியின் முன் நாமும் சற்று நின்று பார்ப்போமாக.